நாலு பாரம் கவிதை

அச்சகத்தில் பக்கத்தை எண்ண மாட்டார்கள், பாரத்தைத்தான் எண்ணுவார்கள். ஒரு பாரம் என்றால் 16 பக்கம். நாவலாசிரியர் இருபது, முப்பது பாரத்தோடு வந்து நிற்பார். கவிஞர் கொண்டுவருவது நாலு பாரம், அஞ்சு பாரம்; மிஞ்சிப்போனால் ஆறு. புத்தகமாகும்போது அதற்கு முதுகே இருக்காது. கடை அலமாரியில் செருகிவிட்டால் பெயர் தெரியாது, இரண்டு தடித்த நாவல்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். தமிழின் நவீன கவிதை கடந்த அறுபது ஆண்டுகளாகக் குடியிருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி முதுகில்லாத புத்தகங்களில்தான்.

இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் படிமம், மொழி, எந்த இயக்கம், எந்தக் குழு என்றுதான் பேச்சு போகும். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அச்சகத்தில் பில் போட்ட அன்றைக்கு அந்தப் பில்லை யார் கட்டினார்கள் என்று கேட்டுப் பார்த்தால் கவிதை வரலாறு கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது.

பாரதியிடமிருந்தே தொடங்கலாம். 1907இல் அவருடைய மூன்று பாடல்களைத் துண்டுப் பிரசுரமாக 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியலில் பாரதிக்கு எதிர்முகாம், மிதவாதி. பாட்டு பிடித்துப்போனது, பணம் போட்டார். 1920இல் பாரதி தன் எழுத்துகளையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகளாக அச்சிடத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் அனுப்பினார். மொத்தம் 4 லட்சம் பிரதிகள். பணம் சேரவில்லை, அடுத்த ஆண்டு அவரும் இல்லை. அப்படியொரு கணக்கைப் போடும் துணிச்சல் அதற்குப் பிறகு வந்த கவிஞர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கணக்கு நூறுகளில் நின்றுவிட்டது.

சின்ன எண்ணிக்கையில் நிற்பதையே ஒரு கொள்கையாக ஆக்கியவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து அவர் 'எழுத்து' இதழைக் கொண்டுவந்தபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டே தொடங்கினார். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஏனென்றால் சந்தாதாரர் எண்ணிக்கை அந்த உச்சவரம்புக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. ஆனால் அந்த அறிவிப்பில் ஒரு தெளிவு இருந்தது. வார இதழ்கள் லட்சத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இது அந்தப் பந்தயத்தில் இல்லை என்று முதல் நாளே சொன்னார்.

'எழுத்து' 1970 வரை 119 இதழ்கள் வந்தது. செல்லப்பா பத்திரிகையோடு நிற்கவில்லை, எழுத்து பிரசுரம் என்ற பெயரில் புத்தகங்களும் போட்டார். ந. பிச்சமூர்த்தியின் 'காட்டுவாத்து' அதில் வந்தது. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' வந்தது. அச்சிட்ட புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். வீட்டம்மாவின் நகைகள் போயின என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். ஆசிரியர், பதிப்பாளர், மூட்டை தூக்குபவர், வசூல் செய்பவர் எல்லாம் ஒரே ஆள். பில்லைக் கட்டியதும் அவரே.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 'எழுத்து' அறிமுகப்படுத்திய கவிஞர்களுக்குத் தனித்தொகுப்பு உடனே வந்துவிடவில்லை. திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு, அதாவது பிரமிள், அறுபதுகளின் தொடக்கத்திலேயே அதில் எழுதினார். முதல் தொகுப்பான 'கண்ணாடியுள்ளிருந்து' வந்தது 1972இல். எஸ். வைதீஸ்வரனின் 'உதயநிழல்' 1970. சி. மணியின் 'வரும் போகும்' 1974. ஏறக்குறைய பத்தாண்டு, சிலருக்கு அதற்கும் மேலான காத்திருப்பு. புத்தகம் போட ஆளில்லை, காசில்லை என்பதுதான் காரணம். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாமதம் ஒரு கத்தரிக்கோல் வேலையைச் செய்தது. பத்து வருஷம் கழித்துப் பழைய இதழ்களைப் புரட்டித் தொகுக்கும்போது, தனக்கே கூச்சமாக இருக்கிற கவிதைகளைக் கவிஞர் தானே விட்டுவிடுவார். அந்தக் காலத்து முதல் தொகுப்புகளை இன்று எடுத்துப் படித்தாலும் சதை குறைவாகவும் எலும்பு உறுதியாகவும் தெரிகிறதென்றால் அதில் வறுமைக்கும் பங்குண்டு. வறுமையைப் போற்றுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

அச்சுத் தொழில்நுட்பமும் இதில் சேரும். எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, டிரெடில் மெஷினில் காலால் மிதித்து ஓட்டிய காலம் அது. கம்பாசிட்டருக்கு உரைநடைதான் பழக்கம். வரி ஏன் பாதியில் முடிகிறது, அடுத்த வரி ஏன் நாலு எழுத்து தள்ளித் தொடங்குகிறது என்று அவருக்குப் புரிய வைக்க வேண்டும். வெள்ளையாக விட்ட இடத்தையும் ஈயத்தால்தான் நிரப்ப வேண்டும். வெற்றிடம் சும்மா வராது. ஆகவே கவிதைப் புத்தகத்துக்கு அச்சகத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டார். அந்த ஆள் பெரும்பாலும் கவிஞரின் நண்பர்.

சேலத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1968இல் அங்கிருந்து 'நடை' என்ற காலாண்டிதழ் வந்தது, சி. மணி அதற்குப் பின்னால் இருந்தார். எட்டு இதழோடு நின்றது. 1972இல் பரந்தாமன் 'அஃக்' தொடங்கினார். அச்சுக்கலை மேல் அவருக்கிருந்த பித்து அந்த இதழின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். பிரமிளின் 'கண்ணாடியுள்ளிருந்து' அஃக் வெளியீடுதான். பெரிய பதிப்பகங்கள் இருந்த சென்னையை விட்டுவிட்டு, நவீன கவிதையின் ஒரு முக்கியமான முதல் தொகுப்பு சேலத்திலிருந்து வந்தது என்பது தற்செயல் அல்ல. பக்கத்தில் உட்கார ஆள் அங்கே இருந்தார்.

திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த டி.கே. துரைசாமி என்கிற நகுலன் வேறு வழி கண்டார். தன் புத்தகங்களுக்குத் தானே செலவு செய்தார். 1968இல் அவர் தொகுத்த 'குருக்ஷேத்திரம்' தன் எழுத்துக்கு மட்டுமல்லாமல் நண்பர்கள் எழுத்துக்கும் இடம் கொடுத்தது. கல்லூரிச் சம்பளம் இப்படி அச்சகத்துக்குப் போனது.

நகுலன் மட்டுமல்ல. ஞானக்கூத்தன் அரசு ஊழியர். கலாப்ரியாவும் கல்யாண்ஜியும் வங்கி ஊழியர்கள். தேவதேவன் தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியர். தேவதச்சனுக்குக் கோவில்பட்டியில் நகைக்கடை. தமிழ் நவீன கவிதைக்கு ஒரு புரவலர் பெயரைச் சொல்லச் சொன்னால் நான் மாதச் சம்பளத்தைத்தான் சொல்வேன். அதை விட்டுவிட்டு அலைந்த விக்ரமாதித்யன் போன்றவர்கள் விதிவிலக்கு. அந்த அலைச்சலின் விலை அவர் கவிதைகளிலேயே இருக்கிறது.

சம்பளக்காரர்களின் பணத்திலும் நண்பர்களின் உழைப்பிலும் இந்தச் சிறு புத்தகங்கள் வந்துகொண்டிருந்தபோது, கோவையில் வேறொரு சோதனை நடந்தது. 1971இல் தொடங்கிய 'வானம்பாடி' தன்னை 'விலையிலாக் கவிமடல்' என்று அழைத்துக்கொண்டது. இலவசம். புவியரசு, ஞானி, சிற்பி, மு. மேத்தா, அக்கினிபுத்திரன், தமிழ்நாடன் என்று பலர் சேர்ந்த இயக்கம். செல்லப்பா கதவைச் சிறிதாக வைத்தார் என்றால் இவர்கள் கதவையே கழற்றி வைத்தார்கள். மேடையில் சொன்னால் கைதட்டல் வாங்கும் கவிதை அது. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்' பதிப்புக்கு மேல் பதிப்பாகப் போனது. கவிதை விற்காது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு வகைக் கவிதை விற்றது; இன்னொரு வகை விற்கவில்லை. இரண்டாவது வகையைத்தான் சிறுபதிப்பகங்கள் சுமந்தன.

இரண்டு பக்கத்துக்கும் பாலமாக இருந்தவர் மீரா. சிவகங்கையில் கல்லூரி ஆசிரியர், தானே புகழ்பெற்ற கவிஞர். அவருடைய அன்னம் பதிப்பகம் சிவகங்கையிலிருந்துகொண்டே, எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாண்ஜியின் 'புலரி', விக்ரமாதித்யனின் 'ஆகாசம் நீல நிறம்', கலாப்ரியாவின் 'எட்டயபுரம்' என்று வரிசையாகக் கவிதைத் தொகுப்புகளைக் கொண்டுவந்தது. மெல்லிய புத்தகங்கள், கையில் பிடிக்கிற விலை. மீராவின் கவிதையும் இவர்கள் கவிதையும் ஒரே ஊர்க் கவிதை அல்ல. தான் எழுதாத வகையை, தன் பெயருக்கு ஒன்றும் சேர்க்காத வகையைப் பதிப்பித்தார் என்பதால்தான் அவரைப் பதிப்பாளர் என்று முழுமனதோடு சொல்ல முடிகிறது. தன் கோஷ்டிக்கு மட்டும் புத்தகம் போடுபவரைச் செயலாளர் என்று சொல்லலாம்.

கலாப்ரியாவின் பாதையைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் ஒரு காலத்துக் கவிஞர்கள் எல்லோருடைய பாதையும் தெரியும். வண்ணநிலவன் நடத்திய 'பொருநை' என்ற கையெழுத்துப் பத்திரிகையில் முதல் கவிதைகள். கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே பிரதிதான். அது கை மாறிக் கை மாறிப் போகும். அப்புறம் சென்னையிலிருந்து வந்த 'கசடதபற' என்ற சிற்றிதழ். 1973இல் 'வெள்ளம்' என்ற சிறு தொகுப்பு. பிறகு அன்னம். அதற்கப்புறம் பல பதிப்பகங்களிலிருந்து மொத்தத் தொகுப்புகள். ஒரு பிரதியில் தொடங்கி, சில நூறுக்கு வந்து, இருபது முப்பது வருஷம் கழித்துக் கெட்டி அட்டைக்கு வருகிற பயணம். அவர் கவிதைகளில் வரும் திருநெல்வேலித் தெருவும் சசி என்ற பெண்ணும் அந்த முதல் ஒற்றைப் பிரதி வாசகர்களிடமிருந்து கிளம்பி வந்தவர்கள்.

சென்னையில் 1978இல் ஆத்மாநாமை ஆசிரியராகக் கொண்டு 'ழ' தொடங்கியது. கவிதைக்கென்றே ஓர் இதழ். ஆத்மாநாமின் 'காகிதத்தில் ஒரு கோடு' 1981இல் 'ழ' வெளியீடாக வந்தது. உயிரோடிருந்தபோது அவர் பார்த்த தொகுப்பு அது ஒன்றுதான். 1984 ஜூலையில், 33 வயதில், அவர் இறந்தார். ஊட்டியிலிருந்து 'மீட்சி' என்ற சிற்றிதழை நடத்திக்கொண்டிருந்த பிரம்மராஜன் கவிதைகளைச் சேகரித்து 1989இல் 'ஆத்மாநாம் கவிதைகள்' கொண்டுவந்தார். 2002இல் காலச்சுவடு வழியாக 'ஆத்மாநாம் படைப்புகள்' வந்தது. இன்றைக்கு ஆத்மாநாமைத் தெரியாத இளம் கவிஞர் கிடையாது என்றால் இந்தப் பின்வேலைதான் காரணம். பிறகு வந்த ஆய்வாளர்கள் மூல இதழ்களோடு ஒப்பிட்டு, விடுபட்டவை எவை, வரிகள் எங்கே மாறியிருக்கின்றன என்று சண்டை போட்டார்கள். நல்ல சண்டை. சிறிய இதழ்களில் சிதறிக் கிடந்த கவிதைக்குச் சரியான பாடம் எது என்பதே ஒரு கேள்வி என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. பிரதிக்குப் பிரதி வரி மாறும் பாடபேதம் பழந்தமிழ் நூல்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதே 'ழ' 1982இல் தேவதச்சனும் ஆனந்தும் சேர்ந்து எழுதிய 'அவரவர் கைமண'லை வெளியிட்டது. தேவதச்சனின் அடுத்த தொகுப்பு, 'அத்துவான வேளை', எப்போது வந்தது தெரியுமா? 2000இல். பதினெட்டு வருஷம். இடையில் அவர் எழுதாமல் இல்லை. கோவில்பட்டியில் மாலை நேரங்களில் அவரோடு பேசிப் பேசியே ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் உருவானார்கள். புத்தகம் வர வேண்டும் என்ற அவசரம் அவருக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தொகுப்பு போடாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்று பயப்படும் இன்றைய நண்பர்களிடம் நான் இந்தப் பதினெட்டைச் சொல்வதுண்டு. அவர்கள் நம்புவதில்லை.

ஈழத்தில் கணக்கு வேறு. அங்கே காசு மட்டும் அல்ல, அச்சகமும் காகிதமும் பாதையும் உயிரும் நிச்சயமில்லை. அதனால் தனிக்கவிஞர் தொகுப்பைவிடக் கூட்டுத் தொகுப்புக்கு அங்கே கனம் கூடியது. எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் சென்னை க்ரியா வெளியீடாக வந்தது. தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு ஈழக் கவிதையின் வாசல் அதுதான். அடுத்த ஆண்டு 'மரணத்துள் வாழ்வோம்', 31 கவிஞர்கள். 1986இல் யாழ்ப்பாணம் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' கொண்டுவந்தது: பத்துப் பெண்கள், 24 கவிதைகள். எண்ணிக்கையைப் பாருங்கள், ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியிலிருந்துதான் தமிழில் பெண்கவிதை பற்றிய பேச்சே வேறு திசைக்குத் திரும்பியது.

அதில் எழுதிய சிவரமணி 1991 மே மாதம், தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். இதழ்களிலும் நண்பர்கள் கையிலும் தங்கியிருந்த 22 கவிதைகளைச் சேர்த்துச் சித்ரலேகா மௌனகுரு புத்தகமாக்கினார். அச்சில் போயிருந்தவை பிழைத்தன.

தொண்ணூறுகளில் கணினி அச்சுக்கோப்பு வந்தது. கம்பாசிட்டர் போய், கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி ஆபரேட்டர் வந்தார். வெள்ளை இடத்துக்கு ஈயம் வேண்டாம் என்றானதும் கவிதைப் புத்தகம் மலிவாயிற்று. சுந்தர ராமசாமி 1988இல் நாகர்கோவிலில் தொடங்கி நிறுத்தியிருந்த 'காலச்சுவடு' 1994இல் மறுபடி வந்தது, பதிப்பகமும் ஆயிற்று. சென்னையில் தமிழினி பதிப்பகம். நவீன கவிதைக்கு முதன்முறையாக நண்பர் அல்லாத பதிப்பாளர் கிடைத்தார்: அட்டை வடிவமைப்பு, விநியோகம், ஒப்பந்தம், மறுபதிப்பு என்று தொழிலாகச் செய்பவர்.

துவரங்குறிச்சி என்ற சிற்றூரிலிருந்து கிளம்பிய இரண்டு பேரை வைத்து இந்த மாற்றத்தைச் சொல்லிவிடலாம். மனுஷ்ய புத்திரனின் முதல் தொகுப்பு 1983இல், அவர் பதின்வயதில் இருந்தபோதே, மணிமேகலைப் பிரசுரம் வழியாக வந்தது. பத்தாண்டு கழித்து 'என் படுக்கையறையில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள்'. பிறகு காலச்சுவடில் ஆசிரியப் பணி. 2003இல் சென்னையில் உயிர்மை என்று பதிப்பகமும் இதழும் தொடங்கினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வந்த இளம் கவிஞர்கள் பலருக்கு உயிர்மையின் அட்டை ஓர் அடையாள அட்டை மாதிரி ஆனது. இன்னொருவர் சல்மா. பூப்பெய்தியதும் பள்ளி நின்றது, வெளியே போக முடியாது. ஒளித்து எழுதிய கவிதைகள் தாயின் துணையோடு ரகசியமாக வெளியே போய், புனைபெயரில் சிற்றிதழில் வந்தன. 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் காலச்சுவடு வெளியீடாக வந்தபோதும் எழுதியவர் யார் என்பது ஊருக்குத் தெரியாது. சிற்றிதழ் சிறியதாக இருந்ததே அவருக்குப் பாதுகாப்பு. பெரிய பத்திரிகை என்றால் அடுத்த வாரமே ஊர் படித்திருக்கும்.

2001இல் மாலதி மைத்ரியின் 'சங்கராபரணி', 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்', அதே ஆண்டு சுகிர்தராணியின் 'கைப்பற்றி என் கனவு கேள்'. பெண்கள் தங்கள் உடலைப் பற்றி எழுதியதற்காக இவற்றைச் சுற்றி நடந்த கூச்சலைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அதற்கடுத்து நடந்ததைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. குட்டி ரேவதி 'பனிக்குடம்' தொடங்கினார், மாலதி மைத்ரி 'அணங்கு' தொடங்கினார். இரண்டுமே இதழ், இரண்டுமே பதிப்பகம். தங்களை வெளியிட ஆள் இருந்தபோதே தாங்கள் பதிப்பாளர்களானார்கள். எதை அச்சிடலாம் என்று முடிவு செய்யும் நாற்காலியில் எப்போதும் ஆணே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சலித்த பிறகு வேறு என்ன செய்வது?

நடுத்தரப் பதிப்பகங்கள் வந்த பிறகு சிறியவை மறைந்துவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. அப்படி ஆகவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தில் மனோன்மணியின் புது எழுத்து, சேலம் மாவட்டம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணனின் மணல்வீடு. பின்னது தெருக்கூத்துக் கலைஞர்களுக்கும் இலக்கியத்துக்கும் ஒரே பந்தலில் இடம் கொடுக்கும் அமைப்பு. சபரிநாதனின் 'களம்-காலம்-ஆட்டம்' 2011இல் புது எழுத்து வெளியீடாகவும், 'வால்' 2016இல் மணல்வீடு வெளியீடாகவும் வந்தன. 2019இல் 'வால்' சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கும் யுவ புரஸ்கார் பெற்றது. அதற்கு முன்பே, 2013இல், கதிர்பாரதியின் 'மெசியாவுக்கு மூன்று மச்சங்கள்' அதே விருதைப் பெற்றிருந்தது. அதுவும் புது எழுத்து. தலைநகரத்தில் கிளை கூட இல்லாத இடங்களிலிருந்து வந்த புத்தகங்கள் இவை. செல்லப்பாவின் மூட்டை வேறு தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

விருது என்று பேச்சு வந்ததால் ஒன்று. பெரியவர்களுக்கான சாகித்திய அகாதெமி விருதைக் கவிதைக்காக அப்துல் ரகுமான், சிற்பி, மேத்தா, புவியரசு என்று வானம்பாடிப் பக்கத்துக் கவிஞர்கள் வாங்கியிருக்கிறார்கள். பிரமிள், நகுலன், ஞானக்கூத்தன் யாருக்கும் அது வரவில்லை. கல்யாண்ஜிக்கு 2016இல் கிடைத்தது. ஆனால் வண்ணதாசன் என்ற பெயரில், சிறுகதைக்கு! நாலு பாரப் புத்தகம் டெல்லி வரைக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். 80 பக்கத் தொகுப்பு, விலை 120 ரூபாய், 300 பிரதிகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் விற்றால் 36,000. கடைக்காரருக்குக் கழிவு 35 சதவீதம் போனால் மீதி 23,400. இதில் அச்சுக்கூலி, தாள், வடிவமைப்பு, அட்டை ஓவியம், கூரியர், புத்தகக் காட்சி வாடகையில் ஒரு பங்கு. இவ்வளவும் எல்லாப் பிரதியும் விற்றால். பாதிதான் விற்றது என்றால் முதலுக்கே மோசம். உரிமைத்தொகை 10 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் முழுசும் விற்றால் 3,600 ரூபாய். அதைப் பணமாகக் கொடுப்பதற்குப் பதில் இருபத்தைந்து முப்பது பிரதிகளைக் கவிஞர் கையில் கொடுத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அந்தப் பிரதிகளைக் கவிஞர் விற்பதில்லை. கையெழுத்துப் போட்டு இன்னொரு கவிஞருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய தொகுப்பைப் பதிலுக்கு வாங்கிக்கொள்கிறார். பண்டமாற்று.

நூலக ஆணை என்ற ஒன்று இந்தக் கணக்கை முன்பெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அரசுப் பொது நூலகத்துறை ஒரு தலைப்பில் சில நூறு பிரதிகளை மொத்தமாக வாங்கும்; பாரத்துக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயம். ஆணை வரும் என்று நம்பித்தான் பல கவிதைத் தொகுப்புகள் அச்சேறின. ஆனால் அது எந்த வருஷம் வரும், எந்த வருஷம் வராது என்பது யாருக்கும் தெரியாத மழைக் கணக்கு. பாரத்துக்கு விலை என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு: நாலு பாரப் புத்தகத்துக்குச் சிரமம் குறைவு என்று அர்த்தமாகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பி.ஓ.டி. வந்தது. தேவைக்கு ஏற்ப அச்சிடுவது. முப்பது பிரதி வேண்டுமா, முப்பது. ஐம்பது வேண்டுமா, ஐம்பது. பிரதி ஒன்றுக்கான அடக்கவிலை கூடும், ஆனால் மொத்தமாகப் பணம் முடங்காது. வீட்டுக் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகப் புத்தகம் கிடக்காது. புதிய பதிப்பகங்கள் பல இதனால்தான் சாத்தியமாயின. எதுவும் தீர்ந்துபோகத் தேவையில்லை என்பது இதன் நல்ல பக்கம்.

இன்னொரு பக்கம், பில் இப்போது நேராகக் கவிஞரிடம் வந்துவிட்டது. 'ஐம்பது பிரதி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மென்மையாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் மொத்தச் செலவும் அதில் அடங்கியிருக்கும். நகுலனும் தன் காசைத்தானே போட்டார் என்று கேட்கலாம். போட்டார், ஆனால் போடுகிறோம் என்று தெரிந்து போட்டார், வேறு யாரும் தன்னைத் தேர்ந்தெடுத்ததாக அவர் நினைத்துக்கொள்ளவில்லை. இன்று பணம் கட்டியவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் ஒரே மாதிரி அட்டையில் வருகிறார்கள். வாசகருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சில நேரம் கவிஞருக்கே தெரிவதில்லை.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது இடையில் இருந்த ஆள் காணாமல் போனதுதான். முகநூலில் எழுதிய கவிதைக்கு முந்நூறு விருப்பக்குறி விழுகிறது. ஆறு மாதத்தில் எண்பது கவிதை சேர்கிறது. டிசம்பரில் கோப்பை அனுப்பினால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்துவிடுகிறது. இந்த வேகத்தில் 'இந்த இருபதை எடுத்துவிடு' என்று சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. செல்லப்பா சொல்லியிருப்பார். அதற்காக அவரோடு சண்டை போட்டுப் பிரிந்தும் போயிருப்பார்கள், போனார்கள். இன்றைக்கும் கவிதைகளை எடுத்து வைத்துப் பேசி, வரிசை மாற்றி, தலைப்பை மாற்றச் சொல்லும் சிறுபதிப்பாளர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு தொகுப்பைத் திறந்த பத்து நிமிஷத்தில் அது அப்படிப்பட்ட கை வழியாக வந்ததா என்று சொல்லிவிட முடிகிறது.

பழைய புத்தகக் கடையில் கவிதைத் தொகுப்பு கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது கவிதையை அல்ல. நூல் விவரம் அச்சிட்ட பக்கத்தை. முதல் பதிப்பு, மாதம், வருஷம், அச்சகத்தின் பெயர், வெளியீடு என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு வீட்டு முகவரி. இரண்டாம் பதிப்பு என்று போட்டிருந்தால் அதிசயம். புதுக்கோட்டை ஞானாலயா, சென்னை ரோஜா முத்தையா நூலகம், ஈழத்து நூல்களுக்கு இணையத்தில் நூலகம் திட்டம் என்று சில இடங்களில் இவை தேடினால் கிடைக்கும். மற்றதெல்லாம் நண்பர்கள் வீட்டுப் பரணில்தான். போன மாதம் கிடைத்த ஒரு தொகுப்பில், விலை அச்சிட்ட இடத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'அன்புடன்' என்று எழுதிக் கவிஞர் கையெழுத்துப் போட்டிருந்தார். அறுபத்து நாலு பக்கம். மடித்த தாள்களின் ஓரம் கூட வெட்டிப் பிரிக்கப்படவில்லை. வீட்டுக்கு வந்து பேனாக்கத்தியால் பிரித்துத்தான் படித்தேன்.